லன்கொரோ ஆம்புலன்ஸுக்கு எழவு

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். போடுவது அரசாங்கத்தின் வேலை. அளப்பது எங்கள் வேலை. தலைநகரம் வாகடூகுவில், வௌவால் தொங்கும் மாமரங்கள் நிற்கிற அமைச்சகத் தெருவில், 'அரசு நுகர்வு அளவை இயக்ககம்' என்று பலகை மாட்டிய கட்டடத்தின் கீழ்த்தளம் எங்களுடையது. அரசாங்கம் ஒரு வருஷத்தில் தின்றது, குடித்தது, எரித்தது, சம்பளமாகக் கொடுத்தது எல்லாவற்றையும் கூட்டி நாங்கள் ஒரே ஒரு கோடாக்குவோம். நான் பெலாஜி நிக்கியேமா, அந்தக் கோட்டைப் போடுகிறவள்.

கோடு இயக்குநர் அறைச் சுவரில் இருக்கிறது. சுதந்திரம் வந்த வருஷத்தில் முழங்கால் உயரத்தில் தொடங்கும். அந்த இடத்தை இப்போது ஒரு சோபா மறைத்திருக்கிறது. அங்கிருந்து, பஞ்சம் வந்த வருஷம் ஏறியது. நல்ல மழை பெய்த வருஷமும் ஏறியது. ஒருமுறை சிக்கன வருஷம் என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பை மாகாணம் மாகாணமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த செலவில் அந்த வருஷம் ஒரு சாண் ஏறியது. நான் வேலையில் சேர்ந்தபோது கோடு என் தலைக்கு மேலே போய்விட்டிருந்ததால் எனக்கு ஓர் ஏணி வாங்கிக் கொடுத்தார்கள்.

ஏணியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒரு பொருள் வருஷத்துக்குள் தீர்ந்துபோனால் அது நுகர்வு, எங்கள் கணக்கு. அதற்கு மேல் உழைத்தால் அது முதலீடு, மேல்மாடிக்காரர்கள் கணக்கு. எங்கள் ஏணி மேல்மாடிக்குப் போய்விடக் கூடாதே என்று ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் அதை உடைத்துவிட்டு, ஜனவரியில் புதிதாக வாங்குகிறோம். உடைப்பதற்கென்றே ஓர் ஆள் இருக்கிறார். அவர் சம்பளமும் நுகர்வுதான்.

எங்கள் இயக்குநர் ரேமோன் தப்சோபா கெட்ட மனிதர் அல்ல. உருண்டையான ஆள், சிரித்தால் மேஜையும் சேர்ந்து குலுங்கும். யார் பார்க்க வந்தாலும் கோட்டின் கீழே நிற்க வைத்து ஒரு பிரசங்கம் செய்வார்.

"போலீஸ்காரர் தெருவுல நிக்கிறாரு. அவர் நிக்கிறதுக்குச் சந்தையில விலை உண்டா? வாத்தியார் பாடம் சொல்றாரு. கிலோ என்ன விலை? கிடையாது! அப்ப மதிப்பை எப்படித் தெரிஞ்சுக்கறது? எவ்வளவு செலவு பண்ணமோ அவ்வளவு மதிப்பு. அதே பாடத்துக்கு ரெண்டு மடங்கு செலவு பண்ணா ஜனங்களுக்கு ரெண்டு பாடம் கிடைச்சதா அர்த்தம். பாடமே நடக்கலன்னு வையுங்க, செலவு நடந்திருக்கு பாருங்க, அதை யாரும் மறுக்க முடியாது!"

கேட்டவர்கள் கை தட்டுவார்கள். இதன் சாரத்தை 'செலவே சேவை' என்று பொன்னெழுத்தில் கதவுக்கு மேல் எழுதி வைத்திருந்தோம்.

அந்த வருஷம் கோட்டுக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடம்தான் மிச்சம். கணக்கை முடிக்கும்போது கோடு கூரையைத் தொட்டுவிடும், அமைச்சரை அழைத்து விழா எடுக்கலாம் என்று இயக்குநர் முடிவு செய்தார். விழா என்றால் துணி இல்லாமல் ஆகுமா? மஞ்சள் துணியில் அச்சடித்து எல்லாருக்கும் தைத்துக் கொடுத்தாயிற்று. சிவப்புக் கோடு இடுப்பில் கிளம்பி முதுகில் ஏறி, தோளருகே இயக்குநரின் முகத்தில் போய் முடியும். என் சட்டையில் அவர் முகம் சரியாகத் தோள்பட்டை எலும்பின் மேல் விழுந்திருந்தது. நான் கையைத் தூக்கினால் அவர் கண்ணடிப்பார் என்று பின்னால் இருப்பவர்கள் சொன்னார்கள்.

இந்தச் சமயத்தில்தான் ஹிலேர் தோயே வந்து சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும், பஸ்ஸில் வந்த புழுதி முகத்தில், கக்கத்தில் ஒரு ஸ்டியரிங் சக்கரம்.

"வண்டியை எங்க நிறுத்தியிருக்கீங்க?" என்று வாசல் காவலாளி கேட்டார்.

"ஊர்ல நிறுத்தினதுதான். இன்னும் எடுக்கல."

என்னிடம் அனுப்பினார்கள். பெயர் கேட்டேன். "ஹிலேர் தோயே. லன்கொரோ சுகாதார நிலையத்து ஆம்புலன்ஸ் ஓட்டுநர்" என்றார்.

தோயே என்று கேட்ட பிறகு என் வாய் சும்மா இருக்குமா? தோயே என்றால் சாமோ இனத்துப் பெயர். நானோ மோஸி. மோஸிக்கும் சாமோவுக்கும் பரம்பரைக் கேலி முறை. மாமன் மச்சான் கேலியெல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. சந்தையிலோ நீதிமன்றத்திலோ எழவு வீட்டிலோ, எங்கே பார்த்தாலும் கேலி செய்தே ஆக வேண்டும். எங்களுக்கு அவர்கள் நாய்த்தலை தின்கிற அடிமைகள், அவர்களுக்கு நாங்கள் கழுதைக்கறி தின்கிற அடிமைகள். கேட்டவன் கோபித்துக்கொண்டால் அவன் மனுஷனில்லை.

"அட, நம்ம அடிமை! ஊர்ல நாய்த்தலை தீர்ந்துபோச்சுன்னு தலைநகரத்துக்கே வந்துட்டியா? இங்க தெருநாயெல்லாம் எண்ணி வச்சிருக்கோம், ஜாக்கிரதை!"

"எண்ணத் தெரிஞ்ச மோஸியை இன்னிக்குத்தான் பாக்கறேன் அக்கா. கழுதைக்கறி தின்னு தின்னு அறிவு வந்துடுச்சு போல."

"சரி, என்ன விஷயம்?"

"ஆம்புலன்ஸ் செத்துப்போச்சு அக்கா."

"தின்னுட்டீங்களா?"

"ஐயோ இல்ல அக்கா, நிஜமாவே—"

"அதான் தலையை மட்டும் கொண்டுவந்திருக்கியே!" என்று ஸ்டியரிங்கைக் காட்டினேன்.

அறையே விழுந்து விழுந்து சிரித்தது. தோயேயும் சிரித்தார், முறைப்படி சிரித்துத்தானே ஆக வேண்டும். அவர் செய்த தப்பு அதுதான். கேலி ஒருமுறை கிளம்பிவிட்டால், அதற்குப் பின் சாமோ சொல்கிற எதையும் மோஸி காதில் போட்டுக்கொள்வதில்லை.

இருந்தாலும் மனிதர் விடாமல் சொன்னார். வண்டி வேப்பமரத்தடியில் நின்றது அவர் மகள் கிளாரிஸ் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில். அந்த மகள் படிப்பு முடித்து, கல்யாணமாகி, இப்போது வயிற்றில் இரட்டைப் பிள்ளையோடு வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஓட்டுநர் இருக்கையில் கோழி முட்டையிடுகிறது. பிரசவ வலி வந்தால் தூகான் ஆஸ்பத்திரிக்குக் கழுதை வண்டியில்தான் போக வேண்டும். மழை இறங்கிவிட்டால் ஓடையில் கழுதையும் இறங்காது.

நான் எங்கள் கணக்கைப் பார்த்தேன். லன்கொரோ ஆம்புலன்ஸ் வருஷத்துக்கு வருஷம் கூடுதலாகக் குடித்திருந்தது. போன வருஷம் குடித்த டீசலுக்கு அது கடற்கரை வரை போய்க் கால் நனைத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம்.

"அந்த டீசல் எங்க போவுது தோயே?"

"மாவட்ட அதிகாரி வண்டிக்கு ஊத்திக்கறாரு அக்கா."

"அவர் எங்க போறாரு?"

"எங்க ஊருக்குத்தான். ஆம்புலன்ஸைப் பார்வையிட. நல்ல மனுஷன், வராம இருக்க மாட்டாரு. சுத்திவந்து பாப்பாரு, 'தயார் நிலையில் நிற்கிறது'ன்னு எழுதிக்கிட்டுப் போயிடுவாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. என் கையால் வருஷா வருஷம் ஏற்றிய கோட்டில் ஒரு கோழிக்கூடும் இருக்கிறது என்று தெரிந்தால் யாருக்குத்தான் வராது? அவரை இயக்குநரிடம் அழைத்துப் போனேன்.

இயக்குநர் ஸ்டியரிங்கைப் பார்த்தார், பெயரைக் கேட்டார், வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "தோயேயா! என் அடிமை! பெலாஜி, நாற்காலியெல்லாம் பத்திரம், சாமோ உள்ள வந்துட்டான்!"

"ஐயா, நான் கேலி பண்ண வரல. என் மக—"

"கேட்டியா? கேலி பண்ண வரலையாம்! ஒரு சாமோ சொல்லக்கூடிய கேலியிலயே பெரிய கேலி இதுதான்!"

துணை இயக்குநரைக் கூப்பிட்டார். துணை இயக்குநர் மற்றவர்களைக் கூப்பிட்டார். தோயே முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. கோழி முட்டையிடும் இடம் வந்தபோது துணை இயக்குநருக்குத் தண்ணீர் கொடுத்து முதுகைத் தட்ட வேண்டியிருந்தது. கடைசியில் தோயே ஸ்டியரிங்கை மேஜை மேல் வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் நின்றார். பேசாமல் நிற்கிறவனை எவ்வளவு நேரம் பார்த்துச் சிரிப்பது? இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிகாரியானார்.

"இங்க பாருங்க தோயே. வண்டிங்கறது முதலீடு, அது மேல்மாடி. டீசல் எங்களுது, டயர் எங்களுது, நீங்க எங்களுது. உங்க வண்டி குடிக்குது, டயர் தேயுது, ஓட்டுநருக்குச் சம்பளம் போவுது. குடிக்கிறது எப்படிங்க செத்திருக்கும்?"

"ஐயா, குடிக்கிறது வண்டி இல்ல, மாவட்ட அதிகாரி—"

"யார் வாயில போனா என்ன? போச்சா இல்லையா? வண்டி செத்துச்சுன்னு நான் எழுதினா டீசல் சாகும். டீசல் செத்தா கோடு எறங்கும். மயிரிழைதான் எறங்கும், ஒத்துக்கறேன். ஆனா கூரையைத் தொட மயிரிழைதானே பாக்கி! இந்தம்மா முதுகுல என் முகத்தையே அச்சடிச்சாச்சு. சுதந்திரம் வந்ததுலேருந்து இந்த நாடு ஏறி வந்திருக்கு. உங்க ஒரு வண்டிக்காக எறங்கச் சொல்றீங்களா?"

தோயேவுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. நாட்டை இறக்கும் உத்தேசம் அவருக்கு இல்லை.

மேல்மாடிக்கு அழைத்துப் போனேன். முதலீட்டு இயக்குநர் நெபியே ஒல்லியானவர், குருன்சிக்காரர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. "சாமோவுக்கும் எனக்கும் கேலி முறை கிடையாது. பிஸ்ஸாக்காரன் எவனும் இந்தக் கட்டடத்துக்குள்ள வராத வரைக்கும் எனக்குச் சிரிக்க வேண்டிய அவசியம் இல்ல" என்று ஆரம்பித்தார். குருன்சிக்குக் கேலி முறை பிஸ்ஸாக்காரர்களோடுதான். "நாங்க வண்டியைப் பெத்துக் குடுக்கறதோட சரி. சாவு எங்க துறை இல்ல. அது எதையும் நுகரலன்னு கீழ்மாடி எழுதிக் குடுக்கட்டும், புது வண்டிக்கு நான் உடனே கையெழுத்துப் போடறேன்."

கீழ்மாடி எழுதாது. அது எழுதாமல் மேல்மாடி அசையாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே இரண்டு மாடியிலும் பூசாரிகள், சாமியைத்தான் காணோம்.

ஆனால் தப்சோபாவுக்கு மனசு கேட்கவில்லை. சாமோவை வெறுங்கையோடு அனுப்பினால் மோஸிக்குக் கேவலம். ஆகவே தோயேவைப் பயிலரங்குக்கு அனுப்பினார். 'நின்ற நிலை ஊர்தி ஓட்டுநர்களுக்கான திறன் மேம்பாட்டுப் பயிலரங்கு', குளிரூட்டிய ஓட்டல் அரங்கில், தொப்பி, பை, சான்றிதழ், படிக்காசு எல்லாம் உண்டு. பை கொடுக்க நானும் போனேன்.

அரங்கு நிறைந்திருந்தது. நின்றுபோன ஆம்புலன்ஸ், நின்றுபோன தண்ணீர் லாரி, நின்றுபோன ரோடு உருளை, எல்லாவற்றின் ஓட்டுநர்களும் மாகாணம் மாகாணமாக வந்திருந்தார்கள். தோயேவின் பக்கத்தில் பான்ஸே என்று ஒரு பிஸ்ஸாக்காரர், தீயணைப்பு வண்டி ஓட்டுநர்.

"என் வண்டி தீப்பிடிச்சு எரிஞ்சுபோச்சுண்ணே" என்றார் பான்ஸே. "ஆனாலும் தண்ணி ரொப்பறதுக்குப் பணம் வந்துக்கிட்டே இருக்கு. எதுல ரொப்பறதுன்னு கேட்டேன். இங்க அனுப்பிட்டாங்க."

மேடையில் நிபுணர் ஒருவர் கோட்டும் சூட்டுமாக முழங்கினார். "ஓட்டுநர்களே! ஓடற வண்டியை யார் வேணாலும் ஓட்டலாம். நிக்கற வண்டியை ஓட்டறதுக்குத்தான் பொறுமை வேணும். உங்க வண்டி ஏதாவது ஒண்ணு இதுவரைக்கும் ஒரு ஆட்டுக்குட்டி மேலயாவது மோதியிருக்கா? இல்ல! இந்தச் சாதனையை எந்த நாடு காட்டும்?"

பலத்த கைதட்டல். பிறகு காபி இடைவேளை. கறி அடைத்த பணியாரம் நன்றாகத்தான் இருந்தது, நானும் இரண்டு எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் தோயேவின் போன் அடித்தது. அவர் மனைவிக்கு ஊரிலிருந்து தலைநகருக்கு நேரடியாகவே கேட்கிற மாதிரியான குரல்.

"கிளாரிஸுக்கு வயிறு எறங்கிடுச்சுன்னு மருத்துவச்சி சொல்றா. நீ அங்க என்னதான் பண்ற?"

"பயிற்சி எடுக்கறேன்."

"என்ன பயிற்சி?"

"வண்டி ஓட்ட."

"எந்த வண்டி?"

தோயே போனைப் பைக்குள் போட்டார். புதுத் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சாமோ எதிரில் நின்றும் எனக்கு ஒரு கேலிகூட வாயில் வராதது அன்றைக்குத்தான். பணியாரத்தைக் கீழே வைத்தேன்.

"தோயே, உன் தப்பு என்ன தெரியுமா? நீ மனு குடுக்க வந்தே. எழவு சொல்ல வந்திருக்கணும்."

"வண்டிக்கா அக்கா?"

"செத்துச்சுன்னு நீதானே சொல்ற? உங்க வீட்டுல சாவுன்னு கோலா கொட்டையோட வந்து சொன்னா எந்த மோஸியாவது வராம இருக்க முடியுமா? நம்ம இயக்குநராலயும் கேலியை விட்டுட்டு இருக்க முடியாது. அப்ப அதுலயே புடி. அவர் கையாலயே மண்ணு தள்ளிட்டா, வண்டி சாகலன்னு அப்புறம் எப்படிச் சொல்லுவாரு?"

தோயே யோசித்தார். சாமோ வீட்டில் சாவு விழுந்தால் மோஸி போயே ஆக வேண்டும். போய் அழக் கூடாது. செத்தவர் துணியை மாட்டிக்கொண்டு அவரைப் போலவே நடித்துக் காட்ட வேண்டும். குழியின் குறுக்கே படுத்துக்கொண்டு, கோழி கொடுத்தால்தான் புதைக்க விடுவேன் என்று அடம் பிடிக்க வேண்டும். கோழி வாங்கியவர்தான் முதல் மண்ணைத் தள்ள வேண்டும். போகாதவனைப் பற்றி ஏழு ஊர் பேசும்.

மறுநாள் காலை தோயே வெள்ளைத் துண்டில் கோலா கொட்டை முடிந்து வந்து, இயக்குநர் முன் தலை குனிந்து நின்றார்.

"எங்க வீட்டுல சாவு விழுந்துடுச்சுங்க."

"அடடா. யாரு?"

"உங்களுக்குத் தெரிஞ்சவருதான். லன்கொரோ ஆம்புலன்ஸ். ஞாயித்துக்கிழமை அடக்கம்."

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.  "பெலாஜி, இந்த மாதிரி ஒரு கேலியை எங்கப்பன் காலத்துலகூட எந்தச் சாமோவும் பண்ணதில்ல! போகாம இருந்தா நான் மோஸியா?" என்றவர், சட்டென்று சுவரைப் பார்த்தார். முகம் இன்னும் மலர்ந்தது. "இயக்ககம் மொத்தமும் போறோம். அலுவல் பயணம். படிக்காசு, டீசல், சாப்பாடு, வானொலிக்காரங்க... விரல்கடை என்ன விரல்கடை, கூரையையே பொத்துக்கிட்டுப் போயிடும் கோடு!"

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வரிசையாக வண்டிகளில், மஞ்சள் துணியில், லன்கொரோவுக்குள் நுழைந்தபோது எழுந்த புழுதியில் ஊர்க் கோழிகள் சாயங்காலம் என்று நினைத்துக் கூண்டுக்குப் போயின. பான்ஸேவும் சில ஓட்டுநர்களும் பஸ் பிடித்து முன்னாடியே வந்து, ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் குறை வைக்கவில்லை. பெண்கள் ஆம்புலன்ஸைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். பெரிய பானையில் சோளக் கள் நுரைத்தது. முழு வண்டியைப் புதைக்க முடியாதென்று ஸ்டியரிங்கை மட்டும் புதைக்க ஏற்பாடு. தலை போன பிறகு உடம்பு எதற்கு? வேப்பமரத்தடியில் குழி தயாராக இருந்தது.

எங்கள் இயக்குநர் அன்று வெளுத்து வாங்கினார். சக்கர மூடியைத் தலையில் கவிழ்த்து, கிழிந்த இருக்கை உறையைப் போர்த்திக்கொண்டு, ஓட்டுநர் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். அடியில் முட்டை உடைந்தது. பொருட்படுத்தாமல் 'டுர்ர்ர், டுர்ர்ர்' என்று வண்டியாகவே மாறி இருமினார், விக்கினார், நின்றார். ஊர் சிரிப்பில் புரண்டது. வானொலிக்காரர் மைக்கை நீட்டி, இறந்தவரைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டார்.

"தங்கமான வண்டி!" என்று மார்பில் அடித்துக்கொண்டார் இயக்குநர். "ஒரு நாளும் ஓடினதில்ல, ஒரு நாளும் குடிக்காம இருந்ததுமில்ல! செத்து எத்தனை வருஷம் ஆச்சோ, இந்த நாய்த்தலைப் பசங்க சொல்லவே இல்ல. நானும் மாசாமாசம் பொணத்துக்கு டீசல் ஊத்திக்கிட்டு இருக்கேன்! என் கோட்டுல பாதி இந்த மாதிரிப் பொணந்தான்! நாத்தம் தலைநகரம் வரைக்கும் வரலையே, அதுதான் நிர்வாகத் திறமை!"

நேரடி ஒலிபரப்பு. தலைநகரத்தில் நெபியே வானொலி கேட்டுக்கொண்டே சோறு தின்றாராம். அப்போதும் சிரிக்கவில்லையாம்.

பிறகு இயக்குநர் குழியின் குறுக்கே படுத்தார், ஒரு கோழி வாங்கினார், போதாதென்று இன்னொன்றும் வாங்கினார், எழுந்து ஸ்டியரிங் மேல் முதல் மண்ணைத் தள்ளினார். கள் வரத் தொடங்கியது. அந்த நேரத்தில்தான் தோயே வீட்டுப் பக்கமிருந்து ஓர் அலறல் கேட்டது. ஒப்பாரி அலறல் வேறு, இது வேறு. பெண்களுக்கெல்லாம் உடனே தெரிந்துவிட்டது. கிளாரிஸுக்கு வலி வந்துவிட்டது. மேற்கே வானமும் கறுத்துக்கொண்டிருந்தது.

தோயே ஓடினார், வீட்டுக்கு அல்ல. இயக்குநரின் புது வெள்ளை ஜீப்பின் முன் சக்கரத்தடியில் போய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"எனக்கு இந்த வண்டி வேணும்! குடுக்காம எழுந்திரிக்க மாட்டேன்!"

இயக்குநர் கைதட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா! நான் கோழி கேட்டேன், இவன் வண்டியே கேக்கறான்! சாமோன்னா சாமோதான்!"

"ஐயா, கேலி இல்லங்க. என் மக—"

"கேலி இல்லையாம்!" என்று மொத்த இயக்ககமும் சிரித்தது. மஞ்சள் துணியெல்லாம் குலுங்க, எல்லார் முதுகிலும் இயக்குநர் கண்ணடித்தார். தோயே மண்ணில் கிடந்தபடி என்னைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் இந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துதானே சிரித்தேன் என்று என் மேலேயே கோபம். நேரே போய் இயக்குநர் முன்னால் கையை நீட்டினேன்.

"ஐயா, கேலின்னா குடுத்துத்தான் ஆகணும். நிஜம்னாலும் குடுத்துத்தான் ஆகணும். எதுன்னு அப்புறமா உக்காந்து முடிவு பண்ணிக்கலாம். சாவி!"

மறுபடி ஓர் அலறல். இயக்குநரின் சிரிப்பு பாதியில் நின்றது. சக்கர மூடியைத் தலையிலிருந்து எடுத்தார். அந்த முகத்தில் அப்போது அதிகாரியும் இல்லை, கேலிக்காரரும் இல்லை, நாலு பெண்களைப் பெற்ற தகப்பன் ஒருவர் இருந்தார். சாவியை என் கையில் வைத்துவிட்டு, "ஓட்டத் தெரியுமாய்யா உனக்கு, அதைச் சொல்லு!" என்று கத்தினார்.

"பயிற்சி எடுத்திருக்கேங்க!" என்று தோயே தாவி ஏறினார்.

மகளைப் பின்னால் படுக்க வைத்து, மருத்துவச்சியும் மனைவியும் ஏற, ஜீப் கிளம்பியது. இத்தனை வருஷம் சும்மா இருந்த கை ஒரு பள்ளத்தில்கூட விடாமல் வண்டியைக் கொண்டுபோனதாம். இவர்கள் ஓடையைத் தாண்டிய பின்னால்தான் மழை இறங்கியது. தூகான் ஆஸ்பத்திரியில் அன்று சாயங்காலம் ஓர் ஆணும் ஒரு பெண்ணும், தாயும் நலம். சேதி கேட்டதும் நான் வாய்விட்டு அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. இயக்குநர் துணை இயக்குநரின் வண்டியில், இரண்டு கோழிகளோடு, என் மடியில் பாதியும் கதவில் பாதியுமாக ஊர் திரும்பினார்.

பையனுக்குத் தப்சோபா என்று பெயர் வைத்திருப்பதாகத் தோயே போன் செய்தார். "எப்பப் பாத்தாலும் குடிச்சுக்கிட்டே இருக்கான் அக்கா. ஏறிக்கிட்டே போறான், எறங்கறதே இல்ல. வேற என்ன பேரு வைக்கிறது?"

ஜீப்பை இயக்குநர் திருப்பிக் கேட்கவில்லை. கேலியில் கொடுத்ததைக் கேட்டு வாங்கிய மோஸி இதுவரை பிறக்கவில்லை. அது லன்கொரோ வேப்பமரத்தடியில் நிற்கிறது, கூப்பிட்டால் ஓடுகிறது. கணக்கில் அது இன்னும் இயக்குநர் வண்டிதான். டீசல் எங்கள் செலவு. பிரயாணச் செலவும் எழவுச் செலவுமாகச் சேர்ந்து கோடு கூரையைத் தொட்டது. அமைச்சர் வந்து அண்ணாந்து பார்த்து, "அடுத்த வருஷம் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். கூரையில் ஓட்டை போட்டு மேல்மாடிக்குள் கொண்டுபோவோம் என்றார் தப்சோபா. மேல்மாடி தனது எல்லை என்று நெபியே அங்கேயே ஆட்சேபம் தெரிவித்தார்.

விழா முடிந்த திங்கட்கிழமை காலை, வாசலில் சத்தம் கேட்டு இயக்குநர் ஜன்னல் திரையை விலக்கினார். தெருவில் மாமர நிழல் முழுக்க ஆட்கள். ஒவ்வொருவர் கக்கத்திலும் ஒரு ஸ்டியரிங், கையில் கோலா கொட்டை முடிந்த வெள்ளைத் துண்டு. முன்னால் பான்ஸே நின்றார்.

இயக்குநரின் முகம் வெளுத்தது. துணை இயக்குநரின் வண்டிச் சாவியைத்தான் அவர் இப்போது வைத்திருந்தார். அதை மெல்ல சோபாவுக்கு அடியில் தள்ளினார். "பெலாஜி, இவங்க எல்லாம் சாமோவா?"

"ஒருத்தர்கூட இல்லங்கய்யா. எல்லாரும் பான்ஸே மாதிரி பிஸ்ஸாக்காரங்க."

"அப்ப எனக்கு முறை இல்ல!" என்று மூச்சு விட்டவர், மெதுவாகத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மேலே நெபியேயின் நாற்காலி சரக்கென்று பின்னால் நகர்ந்தது. பிறகு செருப்புச் சத்தம், முதலில் நடை, அப்புறம் ஓட்டம், பின்பக்கப் படிக்கட்டில் தடதடவென்று இறங்கியது.

இயக்குநர் ஜன்னலைத் திறந்து இடுப்பு வரை வெளியே சாய்ந்தார்.

"பான்ஸே! இங்க இல்லப்பா, பின்வாசல்! பின்வாசலுக்கு ஓடுங்க! கறுப்பு வண்டி, சாவி அவன் கையிலயே இருக்கு!"